எழுபது நிமிடத்துக்கு ஒருமுறை பெனடிக்ற்

“அப்பா எப்ப நிப்பார்?” என்று நிரோசினி கேட்டபோது அவளுக்கு வயது ஆறு. 1994ஆம் ஆண்டு, தவக்காலத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியின் சிசிலித் தீவில், மதோனியே மலையிலிருந்து பலெர்மோ நகரத்துக்குத் திரும்பிய பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் இருந்து அவள் அதைக் கேட்டாள். காலையில் அந்த பஸ்ஸில் ஐம்பத்திரண்டு பேர் போயிருந்தார்கள். ஐம்பத்தொரு பேர் திரும்பினார்கள். மீதி ஒருவர் அவளுடைய அப்பா பெனடிக்ற். அன்று பதினொன்று பத்துக்கு மீன் அடுக்கும் தட்டொன்றில் ஏறி இருந்து பனியில் சறுக்கத் தொடங்கியவர் இன்னும் நிற்கவில்லை. அவர் விழவில்லை, காயப்படவில்லை, காணாமற் போகவும் இல்லை. மலையைச் சுற்றிச் சறுக்கிக்கொண்டிருந்தார். எழுபது நிமிடத்துக்கு ஒருமுறை வாகனங்கள் நிறுத்துமிடத்தின் ஓரமாக வந்து, கையைக் காட்டிவிட்டு, மரங்களுக்குள்ளே போனார். ஐந்து மணிக்குச் சாரதி, இருட்டினால் பாதை உறைந்துவிடும், இனிக் காத்திருக்க முடியாது என்றார். பெனடிக்ற்றின் மனைவி சூசையம்மா பஸ்ஸில் ஏற மறுத்தாள். ஆனால் பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. அடுத்த வீட்டுச் சறோஜா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, தாய் பின்னால் ஏறவேண்டியதாயிற்று. நிரோசினியின் கேள்விக்கு அதன் பிறகு பாதிரியார், வனக்காவலர், மலைமீட்புக் குழுவினர் என்று பலரும் பல பதில்கள் சொன்னார்கள், ஒன்றும் சரிவரவில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் மாவு. சூசையம்மா வேலை செய்த வீட்டில், வியா லிபெர்த்தாத் தெருவில், ஒவ்வொரு தை மாதமும் குடும்பமாக வடக்கு மலைகளுக்கு ஒரு கிழமை பனிச்சறுக்கப் போவார்கள். கையுறை, தொப்பி, தடித்த காற்சட்டை எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் அடுக்குவது சூசையம்மா. பனியைக் கண்ணால் காணாமலே பனி உடுப்பு எதையும் எந்த மடிப்பில் வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சிஞ்ஞோரா என்று அவள் கூப்பிடுகிற வீட்டு எசமானிக்குச் சறுக்கத் தெரியாது. பிள்ளைகளும் கணவரும் மேலே போக, அவர் ஏழு நாளும் விடுதி முற்றத்தில் ரோமக் கோட்டோடு கதிரையில் இருந்துவிட்டு வருவார். எங்கே போனாலும் ஒரு ஆள் கதிரையில் இருக்கத்தான் வேண்டும் என்று சூசையம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் திரும்பி வரும்போது முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளை வட்டமாக இருக்கும். தாயோடு ஒரு நாள் அங்கே போன நிரோசினி அதைக் கண்டுவிட்டு வந்து, அல்பெர்கேரியாப் பகுதியில் தங்கள் ஒற்றை அறை வீட்டில், இடியப்ப மாவைக் குழைத்துத் தன் கண்களைச் சுற்றிப் பூசிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வேலையால் வந்த பெனடிக்ற் அவளை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், பங்குக் கோயிலில் மலைக்குப் போக எழுதிக்கொண்டிருந்த பட்டியலில் மூன்று பெயர் கொடுத்தார்.

பெனடிக்ற் மன்னார் பேசாலைக்காரர், கடலுக்குப் போனவர். தொண்ணூறில் இத்தாலிக்கு வந்து, ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக்கடையில் மீன் கழுவி, வெட்டி, ஐஸ் மேல் அடுக்கி வைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். பெர்மெஸ்ஸோ என்று எல்லோரும் சொல்கிற தங்குமிட அனுமதிப் பத்திரம் கிடைத்ததும், தொண்ணூற்று மூன்றில் மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். அவர்கள் இருவருடைய பத்திரமும் அவருடைய பத்திரத்தின் மேல்தான் நின்றது. அதன் கடைசி நாள் 1996 மார்ச் இருபது. அதற்கு முன் அவர் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் கையெழுத்து வைத்துப் புதுப்பிக்கவேண்டும். அவர் போகாவிட்டால் அவருடையது செத்துப்போகும். அதோடு மற்ற இரண்டும்.

மலையில் அவர்களிடம் சறுக்குப் பலகை இருக்கவில்லை. ஒரு சோடி நாள் வாடகை இருபதாயிரம் லீரா. ஆகவே எங்கள் ஆட்கள் குப்பைப் பை, தக்காளிப் பெட்டி மட்டை, பழைய ரப்பர் விரிப்பு என்று கையில் கிடைத்ததைக் கொண்டுபோயிருந்தார்கள். சோறும் சூரைமீன் குழம்பும் கட்டிக்கொண்டு போனார்கள், சாப்பிடும் முன்பே குழம்பு உறைந்துவிட்டது. பெனடிக்ற் முதலாளியிடம் கேட்டு, மீன் அடுக்கும் பெரிய எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்திருந்தார். அதை மேட்டில் வைத்து அதற்குள் சப்பாணி கட்டி இருந்தபோது, சறோஜா கீழே நின்று கத்தினாள்.

“பெனடிக்ற் அண்ணை, மீன் இருக்கிற இடத்திலை நீங்கள் இருக்கிறியள். தேசிக்காய் வெட்டவோ?”

“வெட்டு, வெட்டு. எடை போட்டிட்டு விலையைச் சொல்லு. பழுதாப் போகமுன்னம் வித்துப்போடு.”

“உங்களை ஆர் வாங்குறது? முள்ளுத்தானே மிச்சம்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையால் உந்தினார். தட்டு கீழே வந்தது, பிள்ளைகள் நின்ற இடத்தைத் தாண்டியது. சரிவின் முடிவில் சிவப்புக் கொடி கட்டிய கயிறு ஒன்று இருந்தது. அதற்கு இடப்பக்கம் ஒரு இடைவெளி இருந்ததையும் தட்டு அதை நோக்கித் திரும்பியதையும் சூசையம்மா ஒருத்திதான் கண்டாள். கூப்பிட்டிருந்தால் அவர் காலை ஊன்றி நிறுத்தியிருப்பார். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவள் கடற்கரைப் பெண். தொழிலுக்குப் புறப்பட்டுப் போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடுவது பெரிய குற்றம். மறந்துபோன சோற்றுப் பெட்டியைக்கூடச் சுற்றி ஓடி முன்னால் வந்து நின்றுதான் கொடுப்பார்கள். கல்யாணமாகி எட்டு வருடமாகத் தொண்டைக்குள் இறுக்கி வைத்த பழக்கம், கடலே இல்லாத இடத்திலும் அவளுடைய தொண்டையைப் பிடித்துக்கொண்டது. அவள் சுற்றி ஓடினாள். முன்னால் போய்ச் சேருமுன் தட்டு இடைவெளியால் வெளியே போய்விட்டது.

அந்த முதற்கிழமையில் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். மலைமீட்புக் குழு வலை கட்டியது. பெனடிக்ற் வந்ததும் வலை திரைச்சேலை மாதிரி விலகி, அவர் போனபின் மூடிக்கொண்டது. வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள். அவை ஒன்றின் பின் ஒன்றாகத் தள்ளி நின்று வழிவிட்டன. வாட்டசாட்டமான இரண்டு வனக்காவலர்கள் அவருடைய இடுப்பில் கயிற்றைப் போட்டு இழுத்தார்கள். கயிறு அறவில்லை, அவர்கள்தான் ஐம்பது மீற்றர் இழுபட்டு, ஒருவருக்குத் தோள்மூட்டு நழுவியது. பங்குத்தந்தை புனித நீர் தெளித்தார். அது பெனடிக்ற்றின் தலைமயிரில் உறைந்தது. அடுத்த சுற்றில் அவர் அதற்கு நன்றி சொன்னார். ஏப்ரல் மாதம் சூசையம்மா தானும் ஏறிப் போவதென்று தீர்மானித்து, ஓடிப்போய் அவருக்குப் பின்னால் ஏறினாள். தட்டு அவளை உதறவில்லை. மெதுவாக, ஒரு நல்ல மனிதர் இடம் விட்டு எழும்புவதுபோல, அவளுக்குக் கீழிருந்து நழுவி முன்னே போயிற்று. மூன்று முறை அப்படி நடந்தது. மூன்றாம் முறை அவள் பனியில் முழங்காலில் இருந்து, இத்தனை வருடம் கூப்பிடாத கூப்பிடுகையெல்லாம் சேர்த்து அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சித்திரை முடிவில் மலையில் பனி கரைந்தது. எல்லோரும் இனி நிற்பார் என்று நினைத்தார்கள். ஆனால் தட்டின் அகலத்துக்கு ஒரு பனிப்பட்டை அவருக்கு முன்னால் ஒரு முழம் விரிந்தது, பின்னால் ஒரு முழத்தில் கரைந்தது. புல்லுக்கும் கல்லுக்கும் மேலாக அவர் அதே நேரக்கணக்கில் போனார். ஆடி மாதத்து வெயிலில் இடையர்கள் ஆடுகளை அந்த வழிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் போன பின் ஐந்து நிமிடம் அங்கே குடிக்கத் தண்ணீர் இருந்தது. பதிலுக்குப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் அவருடைய மடியில் போட்டார்கள். அவர் இருந்தபடியே தூங்கினார், இருந்தபடியே செபமாலை சொன்னார். வளைவுகளில் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று தூக்கத்திலும் அவருக்குத் தெரிந்திருந்தது. படகில் தூங்கிப் பழகியவர்.

வாகனங்கள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நிலம் கொஞ்சம் சமமாக இருந்ததால், அந்த இடத்தில் மட்டும் தட்டு நடைவேகத்துக்கு வரும். இருபது அடி தூரம் ஒருவர் பக்கத்திலே ஓடலாம். சூசையம்மாவின் குடும்ப வாழ்க்கை இதன்பிறகு அந்த இருபது அடியில் நடந்தது. ஞாயிறு காலை பஸ் எடுத்து மலையூருக்குப் போய், அங்கிருந்து ரொட்டிக்காரரின் வான் வண்டியில் மேலே போவாள். நான்கு சுற்று பார்க்கலாம், சில நாள் ஐந்து. ஒரு சுற்றில் ஒரு கன்னம் சவரம் செய்வாள், அடுத்த சுற்றில் மறுகன்னம். ஒரு சுற்றில் சோற்றுப் பார்சல், அடுத்த சுற்றில் வெறும் பார்சலை வாங்கிக்கொள்வாள். ஒரு கதை தொடங்கினால் முடிய மதியம் ஆகும்.

ஒரு ஞாயிறு, முதற் சுற்றில், ஓடிக்கொண்டே சொன்னாள்: “இஞ்சேருங்கோ, அண்டைக்கு அந்த இடைவெளியை நான் கண்டனான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடேல்லை.”

அவர் பதில் சொல்லுமுன் இருபது அடி முடிந்துவிட்டது. எழுபது நிமிடம் அவள் ஒரு கல்லில் இருந்தாள். திரும்பி வந்ததும், “கூப்பிட்டாலும் கேட்டிராது, சூசை. காத்து” என்றார். அவள் அழுதுகொண்டே பக்கத்தில் ஓடி, அவருடைய தொப்பியைச் சரிசெய்தாள். மூன்றாம் சுற்றில் அவர் தலையைக் குனிந்தபடி வந்தார். “பொய் சொன்னனான். கேட்டிருந்தாலும் நான் நிண்டிருக்க மாட்டன். நல்லா இருந்தது. இஞ்சை வந்து நாலு வருசத்திலை அண்டைக்குத்தான் நான் ஒண்டும் யோசிக்கேல்லை.” நான்காம் சுற்றில் அவள் அவருடைய கையைப் பிடித்தபடி இருபது அடியும் நடந்தாள்.

இப்படி இருக்க, அந்த மலையில் இன்னொரு மாற்றம் வந்தது. பனிச்சறுக்க வருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் சறுக்கத் தெரியாதவர் ஒருவர் இருவர் இருப்பார்கள். முழங்கால் வருத்தமுள்ள மாமா, பயந்த மருமகள், கைக்குழந்தைக்காரி, பத்திரிகையை மூன்றாம் தரம் வாசிக்கிற தகப்பன். இவர்கள் வாகனங்கள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்து விடுதியின் முற்றத்தில் கோப்பியை ஆறவிட்டு, மேலே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது அவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. எழுபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் எழுந்துபோய் பெனடிக்ற்றிடம் சூடான கோப்பி கொடுப்பார். அடுத்த சுற்றில் இன்னொருவர் வெறும் கோப்பையை வாங்குவார். கழுத்துச் சால்வை பின்னிக் கொடுத்தார்கள். பந்தாட்ட முடிவுகளைச் சொன்னார்கள். பிள்ளை வரம் கேட்டுச் செபிக்கச் சொன்ன பெண்களும் உண்டு. அவர் எல்லோருடைய பெயரையும் நினைவில் வைத்துச் செபித்தார், அவருக்கு நேரம் இருந்தது. பெரிய அற்புதத்தைக் கடவுள் செய்துவிடுகிறார், அதற்குக் கோப்பி ஊற்றிக் கொடுக்கிற வேலையை மனிதரிடம் விட்டுவிடுகிறார். தொண்ணூற்றைந்தில் அந்த முற்றத்தில் கோப்பி ஆயிரத்து இருநூறு லீராவிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ஆயிற்று. விடுதி நடத்திய விதவை நியாயமானவர். சறுக்கத் தெரியாதவர்கள் இப்போது தாங்களாகவே விரும்பி வருகிறார்கள் என்பதைக் கண்டு, பெனடிக்ற்றைத் தன் கடையில் வேலைக்கு எழுதிக்கொண்டார். ஒப்பந்தத்தில் வேலை என்ற இடத்தில் ‘கடந்து செல்லுதல்’ என்றும் நேரம் என்ற இடத்தில் ‘எந்நேரமும்’ என்றும் இருந்தது. இடம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார்.

ஆனால் மார்ச் இருபது நெருங்கியது. தொண்ணூற்றாறு தை மாதத்திலிருந்து சூசையம்மாவுக்கு நித்திரை குறைந்தது. ஊரில் சண்டை. போகச் சொன்னால் போக வீடில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது. தன்னையும் பிள்ளையையும் அனுப்பிவிடலாம். நிற்காத மனிதரை எவரும் எங்கும் அனுப்ப முடியாது. அவர் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை பதினொன்று பத்துக்கு அந்த இருபது அடியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சறோஜாவிடம் இதைச் சொன்னபோது அவள் பகிடி விடவில்லை. “அக்கா, நான் போவன்தானே” என்றாள். சறோஜாவின் பத்திரம் ஏப்ரலில் முடிகிறது என்பது இருவருக்கும் தெரியும்.

குவெஸ்தூராவில் விடியமுன் வரிசையில் நின்று, ஏழாம் இலக்க யன்னலுக்குப் போனாள். மொழிபெயர்க்க எட்டு வயது நிரோசினி கூட வந்தாள். யன்னலில் துமினெல்லோ என்று ஒரு வயதான அதிகாரி இருந்தார். வழுக்கை, மூக்குக்கண்ணாடி, கையில் ரப்பர் விரலுறை. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு. பத்திரங்களைப் பார்த்துவிட்டுக் கணவர் எங்கே என்று கேட்டார்.

“மலையிலை” என்றாள் சூசையம்மா.

“எப்ப இறங்குவார் எண்டு கேக்கிறார், அம்மா” என்றாள் நிரோசினி.

“இறங்க ஏலாது எண்டு சொல்லு. வேணுமெண்டு இல்லை. நிக்க ஏலாமல் கிடக்கு எண்டு சொல்லு.”

நிரோசினி சிசிலிய ராகத்தோடு இத்தாலியனில் விளக்கமாகச் சொன்னாள். தகப்பனுடைய தட்டு எத்தனை அங்குலம் என்றும் சொன்னாள். துமினெல்லோ சிரிக்கவில்லை. அவருடைய மைத்துனருக்கும் பனிச்சறுக்கத் தெரியாது. போன வருடம் பெனடிக்ற்றிடம் இரண்டு முறை கோப்பி கொடுத்தவர். ஆனால் சட்டம் சட்டம்தான். விண்ணப்பகாரர் அதிகாரி முன்னால் வந்து கையெழுத்திடவேண்டும். மருத்துவமனையில் கிடந்தால் வேறு படிவம், சிறையில் இருந்தால் வேறு படிவம், சறுக்கிக்கொண்டிருந்தால் படிவமில்லை. அடுத்த கிழமை வரச்சொன்னார். அடுத்த கிழமையும் அடுத்த கிழமை வரச்சொன்னார். ஒவ்வொரு முறையும் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, பழைய சுற்றறிக்கைக் கட்டுகளை எடுத்துப் புரட்டினார். அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறை, மார்ச் பதினான்காம் தேதி, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிரோசினியிடம் கேட்டார்: “உன் அப்பா எழுபது நிமிடத்துக்கு ஒருமுறை வருவார் என்றாயே. யார் நின்றாலும் அவர் முன்னால் வருவாரா?”

“வருவார்” என்றாள் பிள்ளை. “ஒரு நிமிசமும் பிந்தமாட்டார்.”

“அதிகாரி முன்னால் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதிகாரி எங்கே இருக்கவேண்டும் என்று எழுதவில்லை” என்றார் துமினெல்லோ. அது தனக்கே புதிதாகத் தெரிந்ததுபோல இன்னொருமுறை சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தனக்கு விடுமுறை என்பதை அவர் சொல்லவில்லை.

பதினேழாம் தேதி அவர் ரொட்டிக்காரரின் வான் வண்டியில் சூசையம்மாவுக்கும் மகளுக்கும் பக்கத்தில் இருந்து மேலே வந்தார். அறுபத்து மூன்று வருடம் பலெர்மோவில் வாழ்ந்து பனியை அவர் மிதிப்பது அதுவே முதல்தரம். பூசைக்குப் போகிற கறுத்தக் கோட்டும், தோல் அடி வைத்த மெல்லிய சப்பாத்தும் போட்டிருந்தார். கழுத்தில் கயிற்றில் முத்திரை மைப்பெட்டி தொங்கியது. விடுதியின் பெண் பூட்ஸ் தருகிறேன் என்றார். அரச வேலைக்கு வந்த இடத்தில் இரவல் வாங்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். முற்றத்தில் இருந்த சறுக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றார்கள்.

பதினொன்று பத்துக்குப் பெனடிக்ற் வந்தார். முதற் சுற்றில் துமினெல்லோ பக்கத்தில் ஓடி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் கேட்டார். தகப்பன் பெயர் வரும்போது இருபது அடி முடிந்துவிட்டதால், மரத்துக்குள்ளிருந்து பெனடிக்ற் கத்திச் சொன்னார். இரண்டாம் சுற்றில் பேனை எழுதவில்லை, மை உறைந்துவிட்டது. மூன்றாம் சுற்றுவரை நிரோசினி தன் பள்ளிப் பேனையைக் கமக்கட்டுச் சூட்டில் வைத்து நடந்துகொண்டிருந்தாள். மூன்றாம் சுற்றில் துமினெல்லோ படிவத்தை ஒரு பலகையில் வைத்துப் பிடித்தபடி ஓடினார். பெனடிக்ற் பேனையை வாங்கி முதல் எழுத்தை எழுதும்போது, கிழவரின் கால் வழுக்கியது. முழங்கால் மடிந்து விழுந்தவர் பலகையை விடவில்லை. மறுகையால் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தட்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனது. வலைக்கும் கயிற்றுக்கும் அடங்காதது அன்றும் நிற்கவில்லை. ஆனால் அவரை உதறவும் இல்லை. பெனடிக்ற் கையெழுத்தை முடித்தார். “ஐயா, விடுங்கோ, கை கிழியும்” என்று தமிழிலே சொன்னார். துமினெல்லோ விட்டார். மார்பளவு பனியில் கிடந்தபடி, மைப்பெட்டியை வாயால் ஊதிச் சூடாக்கி, முத்திரையைக் குத்தினார்.

சூசையம்மா ஓடிப்போய் அவரைத் தூக்கிவிட்டாள். கோட்டுக்குள், சட்டைக்குள் எல்லாம் பனி. ஒரு சப்பாத்தைக் காணவில்லை. அவள் தன் சால்வையைக் கழற்றி அவருடைய காலில் சுற்றினாள். தான் அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கும்படி மகளிடம் சொன்னாள். அவர் பல்லு நடுங்க, தன் வேலையைத்தான் செய்ததாகவும், புதன்கிழமை பத்திரத்தை எடுக்க வரும்போது வரிசையில் நிற்கவேண்டாம், பக்கக் கதவால் வரலாம் என்றும் சொன்னார். புதன்கிழமை பக்கக் கதவில் வேறொருவர் பத்திரத்தைத் தந்தார். துமினெல்லோவுக்குக் காய்ச்சல் என்றார். கிழமை கழித்து அவள் ஒரு பெட்டி பலகாரத்தோடு போனபோது அவர் திரும்பி வந்திருந்தார். இருமிக்கொண்டு, அரச ஊழியர் எதையும் வாங்கக்கூடாது என்று பெட்டியைத் திருப்பித் தள்ளினார். பிறகு பிள்ளை நிற்பதைக் கண்டு, ஒரே ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்து, அதை இரண்டாகப் பிட்டுப் பாதியை நிரோசினியிடமே கொடுத்தார். சூசையம்மா பாரத்தோடு வீடு திரும்பினாள். வாங்கிக்கொள்ளாதவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வருடங்கள் போயின. ஒரு கோடையில் பெனடிக்ற்றின் தாடியில் நரை கண்டது. நிரோசினி பத்து வயதில் தகப்பனிடம் சுற்றுக்கு ஒரு கணக்கு என்று கேட்டுப் படித்தாள். அவர் எழுபது நிமிடம் யோசித்து விடையோடு வருவார், ஆகவே பிழை விடுவது குறைவு. பத்திரத்தின் இரண்டு வருடமும் முடிந்து, 1998 மார்ச் வந்தது. சூசையம்மா பயந்துகொண்டு ஏழாம் இலக்க யன்னலுக்குப் போனாள். அங்கே ஓர் இளைஞர் இருந்தார். கோப்பைத் திறந்தார். முதற்பக்கத்தில் ஒரு துண்டு ஊசியால் குத்தியிருந்தது. அவர் அதை வாசித்து, தலையை நிமிர்த்தாமலே, ஞாயிறு பதினொன்று பத்து சரிதானே என்று கேட்டார். துண்டில் பழைய கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘விண்ணப்பகாரர் இயக்கத்தில் உள்ளார். கையெழுத்து மலையில் பெறப்படும். மூன்று சுற்று ஒதுக்கவும். பேனையை உடம்போடு வைத்திருக்கவும். நல்ல பூட்ஸ் அவசியம்.’

இளைஞர் பூட்ஸோடு வந்தார், இரண்டு சுற்றில் வேலையை முடித்தார், விடுதியில் கோப்பி குடித்தார். அதன்பின் அந்த அலுவலகத்தில் அது ஒரு வழமையாயிற்று. இரண்டு வருடத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு ஆள், ஒரு சோடி பூட்ஸ். எவரும் அதைப்பற்றி வியந்து பேசுவதில்லை. மலையூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணிக்கூட்டைப் பார்க்கப் பழகுவது பெனடிக்ற்றை வைத்துத்தான். அவர் எப்போது நிற்பார் என்று நிரோசினியும் பிறகு கேட்கவில்லை. வாகனத்திலிருந்து இறங்கியதும் ஓடத் தோதாகச் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொள்வாள், அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில் பத்திரத்தை வாங்கிய அன்று சூசையம்மா, முன்பு இருந்த ஐயா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். ஓய்வு பெற்று இரண்டு மாதத்தில், போன கார்த்திகையில், நெஞ்சுச் சளியில் செத்துப்போனார் என்றார் இளைஞர். அது அந்த மலைப்பனியின் வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லையென்று சொல்லவும் ஒருவரும் இல்லை. மனைவி அவருக்கு முன்பே போய்விட்டார், பிள்ளைகள் கிடையாது, மைத்துனர் மிலானோவுக்குப் போய்விட்டார். கடலோரத்துப் பெரிய சேமக்காலையில் அடக்கம்.

வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. அடுத்த வியாழக்கிழமை சூசையம்மா, சறோஜாவிடம் ஒரு வீட்டில் உடுப்புத் தேய்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு வாளியும் மென்மையான தும்பும் இரண்டு துணியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சேமக்காலையில் வரிசை வரிசையாகப் பெயர் பார்த்துத் தேடி, சுவர்ப்பக்கத்தில் அவருடைய பளிங்குக் கல்லறையைக் கண்டாள். ஐந்து மாதத் தூசி, பறவை எச்சம், யாரோ வைத்து உலர்ந்துபோன ஒரு பூ. அக்கம்பக்கத்தில் எவரும் இல்லை. பளிங்குக்கு வினாகிரியும் தேசிப்புளியும் ஆகாது, அரித்துவிடும். ஏழு வீட்டுப் படிக்கட்டு கழுவிய அவளுக்கு அது தெரியும். சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, மேலிருந்து கீழாகக் கழுவினாள். எழுத்துகளின் குழிக்குள் துணி முனையை விட்டுத் துடைத்தாள். படத்தில் மூக்குக்கண்ணாடியோடு அவர் இருந்தார். அந்தக் கண்ணாடியின் மேல் தன் மூச்சை ஊதித் துடைத்தாள். பிறகு வெறும் தண்ணீரால் இரண்டுமுறை அலசி, காய்ந்த துணியால் ஒற்றி, நீர்க்கோடு விழாமல் பார்த்தாள். சிலுவை வரைந்து ஒரு பரலோக மந்திரம் சொன்னாள். வாளித் தண்ணீரைச் சைப்பிரஸ் மரத்தடியில் ஊற்றினாள். காவலாளி சுற்றி வருமுன் அவள் போய்விட்டாள். அடுத்த மாதமும் முதல் வியாழன் வந்தாள், அதற்கடுத்த மாதமும்.